பழகிய சாலைக்கு எத்தனை நிமிடம்?

ஜூன் 9, திங்கள்

பள்ளி வேன்களுக்கு வழி சொல்லும் மென்பொருள் வேலை தொடங்கியது. மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு ஓட்டுநர்கள் கேட்பது பள்ளிக்கரணை வழியாகப் போகும் மெயின் ரோட்டைத்தான். அகலமான சாலை, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓரம் கிடைக்கிறது. நெரிசல் வந்தால் மென்பொருள் உட்தெருக்களுக்கு இழுக்கும். எந்த அளவு நெரிசலில் இழுக்கலாம் என்று முடிவு செய்வதுதான் எங்கள் வேலை.

அடிப்படை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறை. சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எடை. கூட்டுத்தொகை குறைந்த வழியே விடை. எங்களுக்கு அந்த எடை நிமிடக் கணக்கு.

ஜூன் 10, செவ்வாய்

ஓட்டுநரின் விருப்பத்தையும் நிமிடமாக்கினால்தான் கணக்கில் சேரும். உட்தெருவின் நேரத்தை ஒன்றரை மடங்காக எண்ண வைத்தோம். மெயின் ரோட்டில் 20 நிமிடம், உட்தெருவில் 16 என்றால், கணக்கில் அது 24. வேன் மெயின் ரோட்டிலேயே போகும். மெயின் ரோடு 30 ஆகிவிட்டால் உட்தெருவுக்குத் திரும்பும். உட்தெருவை அடியோடு தடுக்கவும் முடியாது. மரம் விழுந்து மெயின் ரோடு அடைபட்டால் வேனுக்கு வேறு போக்கில்லை.

ஜூன் 12, வியாழன்

மாலையில் மழை. சாலையில் போகிறவர்களின் கைபேசி நகர்வை வைத்தே வண்டிகளின் வேகம் தெரிகிறது. ஆனால் அது இந்த நிமிடத்து நிலை. வேன் அங்கே போய்ச் சேர்வது கால் மணி கழித்து. அதனால் அந்தக் கிழமை, அந்த நேரத்துப் பழைய பதிவுகளையும் சேர்த்துக் கணிக்கிறோம். அப்படியும் மழையில் வேகம் ஏறி இறங்க, வழியும் மாறிக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவரின் கவனம் அதிலேயே போய்விடும். 5 நிமிடமாவது மிச்சமானால் மட்டுமே வழி மாறலாம் என்று வரம்பு வைத்தோம்.

ஜூன் 13, வெள்ளி

உட்தெருக்களில் குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள்? அமெரிக்காவின் நியூஜெர்சியில் லியோனியா என்ற சிற்றூர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அருகில். நெரிசலுக்குத் தப்பச் செயலிகள் திருப்பிவிட்ட கார்கள் தெருக்களை நிறைத்தன. 2018 ஜனவரியில், நெரிசல் நேரங்களில் சுமார் 60 தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடினார்கள். அவரவர் தமக்கு வேகமான வழியைத் தேடுவதால் ஊரின் மொத்தப் பயண நேரம் குறைந்துவிடாது என்பது 1952இல் ஜான் வார்ட்ராப் எழுதியதிலிருந்தே தெரிந்த உண்மை. உட்தெருவுக்கு நாங்கள் வைத்த ஒன்றரை மடங்கில் வேனின் வசதி மட்டுமே இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் அதில் பங்கு வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். "அஞ்சு நிமிஷம் லேட்டானா பரவாயில்ல தம்பி. எந்த ரோடுன்னு கிளம்பும்போதே தெரிஞ்சா போதும். பிள்ளைங்களோட அம்மா எந்த முனையில வந்து நிப்பாங்க?"

இன்று முடிவெடுத்தோம். உட்தெருக்களுக்குக் காலையும் மாலையும் இரண்டு மடங்கு. புறப்பட்ட பின் வழி மாற வேண்டுமென்றால், ஓட்டுநர் சம்மதித்த பிறகே மாறும். புதிய நிறுத்தம் எது என்ற தகவல் பெற்றோருக்கும் உடனே போகும். வேகமான வழியைக் கணினி எளிதில் கண்டுபிடித்துவிடும். யாருடைய நிமிடத்துக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.