நீலம் மேலே, பச்சை கீழே

மேலே போன எஞ்சின் கீழே இறங்கவில்லை.

ஒன்ராறியோவில் ஓர் ஏரிக்கரை. நானும் என் தோழியும் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கிய அலுமினியப் படகு. அதன் பின்பலகையில் 30 வயதைத் தாண்டிய 50 குதிரைவலு எஞ்சின். ஆழமில்லாத இடத்தில் விசிறி கல்லில் அடிபடாமல் எஞ்சினைச் சரித்துத் தூக்குவதற்கு, அதன் பக்கவாட்டில் பெருவிரலளவு சுவிச் ஒன்று உண்டு. மேல்பக்கம் அமுக்கினால் ஏறும், கீழ்ப்பக்கம் அமுக்கினால் இறங்கும். அன்று ஏறியதோடு சரி.

எங்கள் ஊரில் இதற்கு சுவிச் இல்லை. களங்கடலில் அப்பா மண்ணெண்ணெய் எஞ்சினைக் கையாலேயே இழுத்துச் சரிப்பார். அதைக் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். பெண் கால் பட்டால் வள்ளத்துக்கு ஆகாது என்பார்கள். மீனைத் தரம்பிரிக்க, கருவாடு போட, கூடை சுமந்து விற்க எங்கள் கைகள் ஆகும். கால்தான் ஆகாது.

திருத்தும் கடைக்கு அழைத்தேன். "கணவர் பக்கத்தில் நிற்கிறாரா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். பம்ப் போயிருக்கும், முழுதாக மாற்ற வேண்டும் என்று எஞ்சினைப் பார்க்காமலே ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு எங்கள் படகையே வாங்கலாம்.

எனக்கு அது பொருந்தவில்லை. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டர்தான். ஒரு பக்கம் சுற்றினால் எண்ணெயை மேலே தள்ளும், மறுபக்கம் சுற்றினால் கீழே. ஏறுகிறது என்றால் பற்றரியும் பியூசும் மோட்டரும் உயிரோடு இருக்கின்றன. கீழ்ப்பக்கம் அமுக்கினால் முனகல்கூட இல்லை. அப்படியானால் மின்சாரம் மோட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. மிச்சமிருப்பது சுவிச், வயர், இறக்கும் பக்கத்து ரிலே ஆகிய மூன்றுதான்.

மூடியைக் கழற்றினேன். சுவிச்சுக்கு மூன்று வயர்கள்: மின்சாரம் கொண்டுவரும் சிவப்பு, ஏற்றும் நீலம், இறக்கும் பச்சை. முன்பு வைத்திருந்தவர் சுற்றிய கறுப்பு டேப்பை உரித்தால், செம்பும் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. எஞ்சினைத் தாங்கும் கொக்கியை விலக்கி, தோழியைத் தூர நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டு வயரால் சிவப்பையும் பச்சையையும் தொட்டேன். டக் என்று ரிலே அடித்தது. எஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. பழுது சுவிச்சில்தான். கடைக்காரரின் பம்ப் நலமாக இருந்தது.

இனி சொல்வது, செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. வெட்டுவதற்கு முன் பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினை உயர்த்திவைத்து வேலை செய்வதென்றால் கொக்கியை மாட்டாமல் அதன் கீழே கை கொடுக்காதீர்கள். களிம்பில்லாத செம்பு தெரியும்வரை வயரை வெட்டிப் பின்னால் போங்கள். மூன்று இணைப்புகளையும் ஒரே இடத்தில் வைத்தால் முடிச்சுப் பெருத்துவிடும், முன்பின்னாக வையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது போதாது. நசுக்கி இணைத்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாயால் மூடினால்தான் தண்ணீர் புகாது. ஒன்றை நான் மறந்தேன். வயர்களை முதலில் உடலிலுள்ள ஓட்டைக்குள்ளால் நுழைக்க வேண்டும். மூன்றையும் அழகாக இணைத்து முடித்த பிறகு, சுவிச் வெளியே நிற்கவேண்டியது உள்ளே நின்றது. மறுபடி வெட்டினேன்.

இந்த வகை எஞ்சினை அமெரிக்காவில் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியவர், நோர்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். ஏரிக்கரையில் ஒருநாள் அவருடைய பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். துடுப்பு வலித்து வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனதாம். அதனால் எஞ்சின் பிறந்ததாம். எங்கு பார்த்தாலும் இந்தக் கதைதான். அந்த நிறுவனத்தின் அலுவலகத்தை நடத்தியதும் விளம்பரங்களை எழுதியதும் பெஸ்தான் என்பது அதற்குக் கீழே ஒரு வரியில் வரும், வந்தால். எனக்கு ஐஸ்கிரீம்மீது கோபமில்லை.

இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நீயே மாத்தினனியோ?"

"ஓம் அம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொப்பரின்ர எஞ்சின் நின்டு நின்டு போனால் இரவிலை பிளக்கைக் கழட்டிக்கொண்டு வருவார். கண் தெரியாது அவருக்கு. குசினி வாசல்லை இருந்து கரியைச் சுரண்டி, இடைவெளி பாத்துக் குடுக்கிறது நான்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை எண்டவர்."

"எனக்கே சொல்லேல்லையே அம்மா."

"நீ கேக்கேல்லையே," என்றார் அம்மா. பிறகு, பச்சை வயரை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.