வெள்ளைக் கோடு

வெள்ளம் வடிந்த தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் இரண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர் கோடு, நடுவே அப்படியே சேறு. பெரிய மனிதர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால் கோடு இன்னும் தடிமனாகும். திருஷ்டிப் பொட்டு மாதிரிதான். பார்க்கிறவருக்குத் திருப்தி, கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் கரை ஏறிய கையோடு, ஜவ்வாது மலை அடிவாரத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் என் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போனால் உள்ளே அரையடிச் சேறு. செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம் எல்லாம் கலந்த நாற்றம்.

சேறு வார வந்த இருவரும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். "எங்க மலைத் தண்ணியும் இதுல வந்திருக்கும்ங்க. ஆனா அங்க இப்டி நாறாது" என்றார் ஒருவர். நியாயம்தான். மலையில் இறங்கும்போது அது வெறும் தண்ணீர். நாற்றம் நம்முடைய பங்கு.

இருவரும் வெறுங்கால். அக்கா காபி போட ஓடினாள். நான் கம்பூட்ஸ் வாங்க ஓடினேன். எலிக்காய்ச்சல் கிருமி ஒரு சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். 2018 கேரள வெள்ளத்தில் சுத்தம் செய்யப் போனவர்களுக்கு அரசாங்கமே டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது. நீங்களும் சேற்றில் இறங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். இறங்கப்போகும் கூலியாளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, பவுடருக்கு வருவோம். அதில் வேலை செய்வது குளோரின். அதற்குக் கிருமி எது, சாணி எது என்று தெரியாது. முதலில் அகப்படுவதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். சேற்றின் மேல் மூட்டையாகக் கொட்டினாலும் வீண். ஆகவே முதலில் மண்வெட்டி, அதுவும் சேறு காய்வதற்குள். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து அலச வேண்டும். அப்புறம்தான் பவுடர் கரைத்த தண்ணீர். பத்து நிமிஷமாவது ஊற வேண்டும். சம்ப்பும் இப்படித்தான்: இறைத்து, தேய்த்து, நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். போன வருஷம் பிரித்த பாக்கெட் என்றால் வீரியம் போயிருக்கும்.

கறை போகட்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன் அதே வாளியில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தில் ஜெர்மன்காரர்கள் எதிரிப் படைமேல் திறந்துவிட்டது அதைத்தான்.

சுத்தம் செய்ததைவிடச் சண்டைதான் அதிக நேரம் எடுத்தது. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை அக்கா விடமாட்டேன் என்றாள். "வெயில்ல போட்டா சரியாயிடும்டா." பஞ்சுக்குள் போன சாக்கடையை வெயில் எடுக்காது என்று சொல்லச் சொல்ல அழுதாள். கடைசியில் உறையை மட்டும் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்தது பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற பிரச்னை. ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். மாசி வரைக்கும் ஜன்னலைத் திறந்து போடு என்றேன். பெயின்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாசல் நிலைக்கு மட்டும் மஞ்சள் பூசினாள்.