லோதி ரோட்டில் ஒரு நாள்

வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தாலன்றி நாம் குடியிருக்கும் இடத்தை நாம் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக லோதி காலனியில் வசித்துவரும் எனக்கு இது 2025ஆம் ஆண்டு ஐப்பசியில்தான் விளங்கிற்று. சண்டிகரில் பணிபுரியும் நண்பர் தம் மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் சொந்த மோட்டாரில் ஆக்ராவுக்குப் புறப்பட்டவர், வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்தில் தங்கினார். செங்கோட்டையும் குதுப் மினாரும் அவர்கள் முன்பே கண்டவை. "உங்கள் ரோட்டையே சுற்றிக் காட்டுங்களேன்" என்றார் நண்பர். கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதனை மெய்யாகவே எடுத்துக்கொண்டேன்.

லோதி ரோட்டின் நீளம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. மேற்குக் கோடியில் சப்தர்ஜங் சமாதி. கிழக்குக் கோடியில் நீலக் கும்மட்டமுடைய சப்ஜ் புர்ஜ். அதனைக் கடந்தால் ஹுமாயூன் சமாதி. இடையில் வானிலைத் துறையின் மௌசம் பவன், சாயிபாபா கோயில், அரசாங்க அலுவலகங்கள். ஐவர் அமரும் வண்டியில் அறுவர் அமர்ந்து, புளியோதரைத் தூக்கை என் மனைவி மடியில் வைத்துக்கொள்ள, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம்.

சப்தர்ஜங் 1754இல் காலமான அவத் நவாபு. அவருக்கு மைந்தர் ஷுஜா உத் தௌலா எழுப்பிய சமாதி இது. முகலாயப் பேரரசு தளர்ந்துவிட்ட காலம். பளிங்குக்கு எங்கே போவது? இதே பாதையின் மறுகோடிக்கு அப்பால் அப்துல் ரஹீம் கான்-இ-கானானின் சமாதி இருந்தது. அதன் பளிங்கையும் செம்மணற்கல்லையும் உரித்துக்கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். இதனைக் கூறியதும் நண்பரின் மகன், "அப்படியானால் அதையும் பார்த்தாக வேண்டும், மாமா" என்றான். மாலைக்கு அதனை ஒதுக்கிவைத்தோம்.

லோதித் தோட்டத்தில் நேரம் போனதே தெரியவில்லை. முதலில் சையது மரபின் முகம்மது ஷாவின் எண்கோணச் சமாதி. பிறகு படா கும்பத்; அதனை அடுத்து, சுவரெங்கும் சுதை வேலைப்பாடு நிறைந்த 1494ஆம் ஆண்டுப் பள்ளிவாசல். எதிரே ஷீஷ் கும்பத். நீல ஓடுகள் சில இன்னும் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வடகோடியில் மதிலால் சூழப்பட்ட சிக்கந்தர் லோதியின் சமாதி. 1517இல் மறைந்த அவரே தலைநகரை ஆக்ராவுக்கு மாற்றியவர். "நாளை நாங்களும் அங்கேதான் போகிறோம்" என்று பெண்குழந்தை மகிழ்ந்தாள். அவருடைய மகன் இப்ராகிம் 1526இல் பாபரிடம் தோற்று மாண்ட பானிபட்டிலேயே புதைக்கப்பட்டான் என்றேன். சண்டிகரிலிருந்து வரும் பாதையில்தானே பானிபட்? "நேற்று அவனைப் பார்க்காமலேயே கடந்து வந்துவிட்டோமே" என்று நண்பர் வருந்தினார். அவர் ஓட்டிய வேகத்திற்கு யாரைத்தான் பார்த்திருக்க முடியும்!

அருகே சிறு நீர்நிலையின்மேல் அக்பர் காலத்து அட்புலா, எட்டுத் தூண் பாலம். அதன் நிழலோரம் விரிப்பை விரித்துப் புளியோதரையும் தயிர்சாதமும் உண்டோம். அணில்கள் அப்பளத் துண்டுகளுக்குக் காத்திருந்தன.

"இவ்வளவு அழகான தோட்டத்தை லோதிகளா வைத்தார்கள்?" என்று நண்பரின் மனைவி வினவினார். இல்லை. இங்கே கைர்பூர் என்னும் கிராமம் இருந்தது. சமாதிகளைச் சுற்றியும், ஏன், அவற்றின் உள்ளும்கூட மக்கள் குடியிருந்தார்கள். அவர்களை அகற்றிவிட்டு, 1936 ஏப்ரலில் வைசிராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா திறக்கப்பட்டது. 1947க்குப் பின்னரே இது லோதித் தோட்டமாயிற்று. நாங்கள் அமர்ந்திருந்த புல்தரை யாருடைய வாசலோ! அவ்வம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சின்னசேலத்து அம்மாள் இன்று ஏன் வரவில்லை? அவருக்கென்று ஒரு புடவை கொண்டுவந்திருக்கிறேன்" என்றார்.

அந்தக் கேள்வி வருமென்று காலையிலிருந்தே நாங்கள் இருவரும் அஞ்சிக்கொண்டிருந்தோம். பதினாறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் அடுக்களைத் துணையாக இருந்தவர் அவர். நண்பரின் மகன் தவழ்ந்த நாளில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இத்தோட்டத்தைச் சுற்றியவரும் அவரே. என் மனைவி, "சாயங்காலம் சொல்கிறேன்" என்று மட்டும் கூறினாள்.

மாலையில் ரஹீமின் சமாதிக்குச் சென்றோம். அக்பரின் படைத்தலைவர், பாபரின் சரிதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்தவர், இந்தியில் ஈரடிப் பாக்கள் பாடியவர். 1598இல் தம் மனைவிக்காகக் கட்டிய சமாதியிலேயே 1627இல் அவரும் அடங்கினார். பளிங்கை இழந்த கும்மட்டம் நெடுநாள் பாழடைந்து கிடந்தது. ஆகா கான் அறக்கட்டளையின் முயற்சியால் 2020இல் செப்பனிடும் பணி நிறைவேறிற்று. பறிபோன பளிங்கு முழுவதையும் திரும்பப் பதித்துவிடவில்லை. கும்மட்டத்தின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் வைத்து, இழந்தது இன்னதென்று காட்டியிருக்கிறார்கள். அது எனக்கு மிகப் பிடித்தது.

அங்கிருந்து தெற்கே சென்றால் பாராபுலா. ஜஹாங்கீர் காலத்துப் பன்னிரு தூண் பாலம். அதன் பெயரே கீழே ஓடும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் வழங்குகிறது. கால்வாயின் கரையில்தான் ஜங்புராவின் மதராஸி கேம்ப் இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். இப்பகுதி வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்களும் கார் துடைத்தவர்களும் அவர்களே. வெள்ளத் தடுப்புக்காகக் கால்வாயைத் தூர்வார வேண்டுமென்று, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில்.

வண்டியை நிறுத்திப் பார்த்தோம். வெற்றுத் தரை. நண்பரின் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அங்கேயே நின்று என் மனைவி தொலைபேசியில் அம்மாளை அழைத்தாள். அவருக்கு வீடு கிடைத்திருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. பேரன் மட்டும் லோதி எஸ்டேட்டிலுள்ள நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கே இன்னும் வருகிறானாம். விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறுகிறான். "அங்கே போனால்தான் தமிழ் படிக்கலாம், வேறென்ன செய்ய?" என்றார். குழந்தைகளின் குரலைக் கேட்டதும் அழுதார். பிறகு சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

"நரேலா எந்தப் பக்கம்?" என்றார் நண்பர். அவர்கள் வந்த நெடுஞ்சாலைக்கு அருகிலேதான். ஆக்ராவிலிருந்து திரும்பும்போது போய்ப் பார்ப்பதென்று அப்போதே முடிவாயிற்று. அம்மாளிடம் சொன்னதும், "அப்படியானால் என் தோசைக்கல்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள் அம்மா" என்றார். இடிக்கப்போகும் செய்தி வந்த வாரத்தில் எங்கள் பரண்மேல் அவர் வைத்துவிட்டுப் போன பொருள்களுள் அதுவும் ஒன்று.

மறுநாள் காலையில் அந்த இரும்புக் கல்லைத் துடைத்து, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, வண்டியின் பின்னறையில் பெட்டிகளுக்கு அடியில் வைத்தோம். புடவை அதன்மேல்.