பிக்கப்புக்கு எந்த இன்டேக்?

பிக்கப் வண்டிக்குக் கோல்ட் ஏர் இன்டேக் (என்ஜினுக்கு வெளிக்காற்றைக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும்) மாட்ட வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் விலைப்பட்டியலை நீட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து, கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான புதிய பிக்கப்புகளில் அது மட்கார்டுக்குள்ளோ, கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டரின் மேல்விளிம்பிலோ இருக்கும். ஆக, ஷோரூமை விட்டு இறங்கும்போதே அந்த வண்டி வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. காசு கொடுத்து வாங்கும் இன்டேக் அதைவிடச் சூடான காற்றையும் தரக்கூடாது, அழுக்கான காற்றையும் தரக்கூடாது. இந்த இரண்டும் தேறிய பிறகுதான் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவேன்.

நான் வேலை செய்வது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில். 2023 கோடையில் இங்கே தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கோடை முடிவதற்குள் புழுதிப்புயல்களும் வந்துவிடும். ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் புழுதிக்கு ‘அரிசோனா டெஸ்ட் டஸ்ட்’ என்றே பெயர். வெப்பமும் தூசியும் சேர்ந்த இந்த ஊரில் இன்டேக்கின் குணம் சீக்கிரமே வெளிப்பட்டுவிடும்.

முதலில் வெப்பம். காற்று 3 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். தடுப்பு எதுவும் இல்லாமல் ஃபில்டரை என்ஜின் பக்கத்தில் தொங்கவிடும் இன்டேக் கிட் மாட்டிய வண்டியில் ஸ்கேனரைச் செருகி, சிக்னலில் நிற்கும்போது உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 43 இருக்கும்போது உள்ளே 70 வரை ஏறும். அப்படியென்றால் ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 8 சதவீதம் காற்று குறைகிறது. போதாததற்கு, நாக்கிங் வராமல் இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கையும் பின்தள்ளிவிடும். வண்டி வேகம் பிடித்ததும் இந்தச் சூடு இறங்கும், உண்மைதான். ஆனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மெதுவாக மலை ஏறும்போது இறங்காது. பிக்கப்புக்குச் சக்தி தேவைப்படும் நேரமே அதுதான். சக்தியை அளக்கும் டைனோவில் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு எடுத்த எண்ணில் இந்தச் சூடு தெரியவே தெரியாது. அதனால் நான்கு பக்கமும் அடைத்த, மேலே மூடியும் உள்ள, கம்பெனி வாயோடு சரியாகப் பொருந்துகிற பெட்டியைத்தான் தேடுகிறேன்.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்பதில் பலர் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். 5.3 லிட்டர் வி8 என்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 240 லிட்டர் காற்றை விழுங்கும். 10 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் 5 லிட்டர்கூடக் கொள்ளாது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே குழாய்க்குள் இருக்கும் காற்று அங்கே எவ்வளவு சூடாகிவிடும்? குழாய் எதனால் ஆனது என்பதைவிட, அதன் வாய் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

குழாயில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது, காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உட்காரும் இடம். அந்த இடத்தின் விட்டம் கம்பெனிக் குழாயிலிருந்து மாறினால் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கு தப்பும். மாட்டுவதற்கு முன்னும், சில நாள் ஓட்டிய பின்னும் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற எண்ணை, குறித்து வையுங்கள். பெரிதாக ஏறியிருந்தால் ஒன்று அளவு தப்பு, இல்லையென்றால் சென்சாருக்குப் பின்னால் காற்று கசிகிறது. எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர் என்றால், கழுவியபின் எண்ணெயை அளவோடு விடவேண்டும். அதிகமானால் சென்சாரின் சூட்டுக்கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். ராம் பிக்கப்பின் 5.7 ஹெமி போன்ற என்ஜின்களில் இந்தச் சென்சார் இல்லை. அவை அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. அதனால் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது தூசி. விளம்பரங்களில் காற்றோட்டம் எவ்வளவு கூடும் என்ற எண் பெரிதாக இருக்கும். ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்ததில் எத்தனை சதவீதம் தூசியைப் பிடித்தது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சில்லறை வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் 99 சதவீத ஃபில்டர் விட்டுவிடும் தூசி 99.5 சதவீத ஃபில்டர் விடுவதைப்போல இரண்டு மடங்கு. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். நல்ல ஃபில்டரும் விளிம்பில் சரியாக உட்காராவிட்டால் வீண்தான். விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டிவிட்டு, இரண்டு வாரம் ஓட்டியபின் கழற்றிப் பார்ப்பேன். கிரீஸின் வெளிப்பக்கம் மட்டும் புழுதி ஒட்டியிருந்தால் சரி. உள்பக்கம் வரை பழுப்புக் கோடு ஓடியிருந்தால் காற்று குறுக்குவழியில் போகிறது. குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாலும் உண்மை தெரிந்துவிடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஓடும் வண்டி என்றால், அந்த மாநிலக் காற்று வள வாரியம் வழங்கும் விலக்கு ஆணை எண் உள்ள கிட்டைத்தான் மாட்டலாம். அதனுடன் வரும் ஸ்டிக்கரை பானெட்டுக்குள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். வேறு கம்பெனிப் பாகம் மாட்டினாலே வாரன்டி போய்விடும் என்பதும் சரியல்ல. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்டினால்தான் அதை மறுக்க முடியும். தூசி இறங்கிய என்ஜின் விஷயத்தில் அப்படிக் காட்டுவது கடினமில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வரும் அந்தக் கனத்த உறுமலுக்காகத்தான் வேண்டும் என்று கேட்கிறவருக்கு, மூடிய பெட்டியுள்ள நல்ல கிட் ஒன்றை மனநிறைவோடு மாட்டிக் கொடுப்பேன். இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்ததும் அதே சத்தம்தான். டிரெய்லர் இழுக்கச் சக்தி வேண்டும் என்று வருகிறவரிடம், கம்பெனிப் பெட்டியிலேயே புதிய ஃபில்டரைப் போட்டு, மீதிக் காசை டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கும் பிரேக்குக்கும் செலவு செய்யச் சொல்வேன். எனக்கு ஒரு கிட் விற்பனை குறையும். ஆனால் மலை ஏறி இறங்கும் அந்த வண்டிக்கு வேண்டியது அதுதான்.