காவ் சுவரும் தண்ணீர்க் குழாயும்

நம் புதுச்சேரியில் தண்ணீர்க் குழாய்க்கு வெயில்தான் எதிரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெளிச்சுவரை ஒட்டி இறங்கும் குழாயைச் சித்திரை மாதப் பகலில் திறந்தால் வெந்நீர்தான் வரும். மார்கழியில்கூட இங்கே 20 டிகிரிக்கு மிகவும் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் குழாயை வெளிப்பக்கம் ஓட்ட நாம் யோசிப்பதே இல்லை. ஒழுகினால் சுவரை உடைக்காமல் சரிசெய்யலாமே!

பிரான்சில் இந்தப் பழக்கம் உதவாது. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பலர் அங்கே சொந்த வீடு வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வருவார்கள். அங்கே கடுங்குளிரும் அதே சமயத்தில்தான்.

என் நண்பர் ஒருவரின் தகப்பனார் அப்படி எழுதிக் கொடுத்த சொல்தா. அவருடைய காகிதங்களையெல்லாம் பாரீஸ் புறநகரில் இருக்கும் பேரன், 'காவ்' என்று அவர்கள் சொல்லும் நிலவறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். 2012-இல் பொங்கலுக்கு வந்தவர்கள், ஒரு கல்யாணத்துக்காகப் பிப்ரவரி வரை தங்கிவிட்டார்கள். அந்தப் பிப்ரவரியில் ஐரோப்பாவெங்கும் கடுங்குளிர். வீட்டில் ஹீட்டரை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். திரும்பிப் போனபோது காவில் முழங்கால் அளவு தண்ணீர். ராணுவப் புத்தகம், குடியுரிமைக் காகிதம், பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் மை கரைந்து கூழாகிவிட்டன. வீட்டுச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. கடிதங்களுக்கு என்ன செய்வது? நண்பர் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்.

காரணம் எளியது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பனிக்கட்டி ஒரு பக்கம் அடைக்க, மறுபக்கம் குழாய் மூடியிருக்க, நடுவில் மாட்டிய தண்ணீரின் அழுத்தம் ஏறிக் குழாயைப் பிளந்துவிடும். உறைந்திருக்கும்வரை கசிவு தெரியாது. வெயில் வந்து பனி உருகியதும் கொட்டத் தொடங்கும். பூட்டிய வீட்டில் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

நிலவறைதானே, பூமிக்குள் கதகதப்பாக இருக்குமே என்று தோன்றும். ஆழத்தில் அது உண்மைதான். ஆனால் நிலவறைச் சுவரின் மேல் பகுதி தரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் குளிர் நேராக ஏறும். பெரும்பாலும் குழாயும் கூரையை ஒட்டி அங்கேயே ஓடும்.

குழாய் வேலையை மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவன் என்பதால் அங்கே வீடு வாங்கிய என் மகனும் என்னைக் கேட்டான். நான் சொன்னது இதுதான். முடிந்தால் குழாயை வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்சுவருக்கு மாற்று. முடியாவிட்டால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் தெர்மோகோல் பலகை வை. குழாய் அறைப் பக்கம் இருக்கட்டும். பலகைக்குப் பின்னால் குழாய் மாட்டிக்கொண்டால் அறையின் சூடு அதற்கு எட்டாது, நிலைமை இன்னும் மோசமாகும். குழாயைச் சுற்றும் உறை குளிரைத் தாமதப்படுத்துமே தவிர, சூடு தராது.

ஊருக்கு வரும்போது மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து உள்ளே தங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஹீட்டரை முழுக்க அணைக்காமல் 7, 8 டிகிரியில் விட்டு வர வேண்டும். உறைந்துபோனால் குழாயின் வாயைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து தலை உலர்த்தும் மெஷினால் மெதுவாகச் சூடேற்றலாம். நெருப்பு மட்டும் காட்டக் கூடாது.

பிள்ளைகள் பிரான்சில் இருப்பவர்கள் அடுத்த முறை போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அப்படியே, தாத்தாவின் காகிதங்களைக் காவிலிருந்து மாடிக்கு எடுத்து வைக்கவும் சொல்லுங்கள்.