பூட்டி வைத்தவரும் மறந்து போனவர்களும்

கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ இசைத்தட்டு சுமார் மூன்று நிமிடம் ஓடும். டெனர் சாக்ஸபோன் பழகுகிறவர்கள் இன்றைக்கும் அதை ஸ்வரம் ஸ்வரமாக உருப்போடுகிறார்கள். ஆரம்பத்தில் மெட்டை லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டு, மீதி முழுக்கத் தன் போக்கில் போய்விடுவார். ஏழு மாதம் கழித்து, 1940 மே மாதத்தில், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபியஸ்டா டான்சிடீரியா என்ற இடத்தில் அதே பாட்டை வாசித்தார். ரேடியோவில் நேரடியாகப் போனது. அது ஆறு நிமிடத்தைத் தொடுகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை காலமும் அந்த மூன்று நிமிடத்தின் கட்டுக்கோப்பை அல்லவா மெச்சிக்கொண்டிருந்தேன்! அந்த அளவு ஹாக்கின்ஸ் வகுத்ததல்ல. பத்து அங்குலத் தட்டு வகுத்தது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இடம். நம் பழைய வித்வான்களின் கிராமபோன் தட்டுகளை மட்டும் கேட்ட ஒருவர், அவர்கள் எல்லாரும் ஆலாபனையை அரை நிமிடத்தில் முடித்துவிட்டுச் சரணத்துக்கு ஓடுகிறவர்கள் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? 1930களின் ஜாஸைப் பற்றி நாம் வைத்திருக்கும் அபிப்பிராயத்தில் பாதி அந்த மாதிரியானதுதான்.

அன்றாடம் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது ரேடியோவில் இருந்தது. சவாய் பால்ரூம், காட்டன் கிளப், ஓட்டல்களின் நடனக்கூடங்கள் என்று பல இடங்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நிலையத்துக்கு இசை போகும். பின்னிரவில் அரை மணி நேரம் ஒலிபரப்பாகும். நேரம் முடிந்தால் பாட்டு நடுவில் இருந்தாலும் அறிவிப்பாளர் குறுக்கே வந்து விடைபெற்றுவிடுவார். கவுண்ட் பேசியின் குழுவை வெளியுலகம் அறிந்ததே இப்படித்தான். 1936இல் சிகாகோவில் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டுக்கு, கான்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பிலிருந்து ஒலிபரப்பிய சின்ன நிலையம் ஒன்று சிக்கியது. கேட்டவர் நேரே கான்சாஸ் சிட்டிக்கே கிளம்பிவிட்டார்.

இவற்றையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று நிலையங்கள் பெரிதாக மெனக்கெடவில்லை. இன்றைக்கு வாசித்தது இன்றைக்கு. நாளைக்கு வேறு குழு, வேறு அரை மணி நேரம். வில்லியம் சேவரி என்ற இளைஞருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. நியூயார்க்கில் ரேடியோ நிகழ்ச்சிகளைத் தட்டில் பதிந்து கொடுக்கும் ஸ்டுடியோவில் அவருக்கு வேலை. கருவி கையில் இருந்தது. தனக்குப் பிடித்ததைத் தனக்காகவும் வெட்டி வைத்துக்கொண்டார். வீட்டில் பதிவு செய்த மற்ற ரசிகர்களிடம் இருந்ததும் மூன்று நிமிடத் தட்டுதான். இவரிடம் பதினாறு அங்குலத் தட்டு இருந்தது, மெதுவாகச் சுழலும், ஒரு பக்கமே கால் மணி நேரம் தாங்கும். 1935க்கும் 1940க்கும் இடையில் கிட்டத்தட்ட ஆயிரம் தட்டுகள் சேர்ந்தன. பின்னாளில் கொலம்பியா கம்பெனியில் எல்.பி. இசைத்தட்டை உருவாக்கிய குழுவிலும் அவர் இருந்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சேவரியின் தட்டுகளில் என்னென்ன இருந்தன என்பதுதான் கதை. பேசி குழுவில் லெஸ்டர் யங்குக்கு எதிர் நின்று டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் ஹெர்ஷெல் எவன்ஸ். 1939 பிப்ரவரியில் 29 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வாசிப்பென்று விரல் விட்டு எண்ணும்படி சிலதான் மிச்சம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சேவரியின் பெட்டியில் மேலும் சில கிடைத்தன. பில்லி ஹாலிடே ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’டை ஸ்டுடியோவில் பதிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பாடிய இன்னொரு வடிவமும் இருந்தது.

‘இருந்தது’ என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் சேவரி யாருக்கும் கொடுக்கவில்லை. கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் ரேடியோ நிகழ்ச்சிகளிலிருந்து கொஞ்சம் எடுத்து 1952இல் கொலம்பியா வெளியிட்டது, அவ்வளவுதான். குட்மனிடம் வேலை பார்த்த லோரன் ஷேன்பெர்க் என்ற இளம் சாக்ஸபோன் கலைஞர் 1980 வாக்கில் சேவரியைச் சந்தித்து, அதற்குப் பிறகு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு உண்டு, தட்டு கிடையாது. 2004இல் சேவரி காலமானார். பெட்டிகள் இல்லினாய் மாநிலத்தில் மால்ட்டா என்ற சிற்றூரில் அவருடைய மகனிடம் இருப்பது தெரியவந்து, ஷேன்பெர்க் அங்கே போய் அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 2010இல் ஹார்லத்தில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அதை அறிவித்தது. அப்போது அதன் பொறுப்பில் இருந்தவரும் ஷேன்பெர்க்தான்.

தட்டுகள் இருந்த நிலையைப் புரிந்துகொள்ள, அவை எதனால் ஆனவை என்று பார்க்க வேண்டும். கடையில் விற்ற கறுப்பு இசைத்தட்டு கெட்டியானது. இது அப்படியல்ல, அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. ஊசி வெட்டிக்கொண்டே போகும்போது அந்தப் பூச்சு முடியைப் போலச் சுருள் சுருளாகக் கிளம்பும். பக்கத்தில் நின்று தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியில் சிக்கினால் பதிவு போச்சு. சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு வேறு. பூச்சு இளக்கமாக இருப்பதற்காக அதில் கலந்தது விளக்கெண்ணெய். ஆண்டுகள் போகப் போக, எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம் வெள்ளைப் படலமாக மேலே பூக்கும். பூச்சு சுருங்கும், அடியில் இருக்கும் உலோகம் சுருங்காது. முதலில் வெடிப்பு, பிறகு செதில் செதிலாக உரிந்து வரும். உரிந்த இடத்தில் இருந்த இசையை எந்தக் கணினியும் திரும்பத் தராது.

டக் பாமராய் என்ற ஒலிப்பொறியாளர் ஒவ்வொரு தட்டாகக் கழுவி, தடத்தின் அகலத்துக்குப் பொருந்தும் ஊசியைத் தேடிப் பொருத்தி, கணினிக்கு மாற்றினார். அவர் கணக்குப்படி கால்வாசி மிக நன்றாக இருந்தது, பாதி அடிபட்டிருந்தாலும் தேற்றலாம், மிச்சக் கால்வாசி மோசம். அந்த மோசத்திலும் சில, ஒரே ஒரு முறை ஓட்டத்தான் தாங்கும் என்ற நிலை. ஒத்திகையே பார்க்க முடியாது. ஊசி தவறென்றால் அந்த இரவு அத்தோடு முடிந்தது. அந்த வேலையைச் செய்தவரின் கையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சேவரியை என்ன சொல்வது? அவர் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் இல்லை. அவர் 1980இலேயே கதவைத் திறந்திருந்தால் அந்தக் கால்வாசியில் எவ்வளவோ தப்பியிருக்கும். பூட்டியது பாசத்தாலா, உரிமைச் சிக்கலுக்குப் பயந்தா, வெறும் பிடிவாதமா என்று ஊகித்துக்கொண்டிருப்பதில் எனக்கு ருசியில்லை. ஆனால் தனியாள் கையில் இருந்தால் இப்படி, நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று யாராவது சொன்னால், அவருக்கு இன்னொரு சங்கதியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

1957ஆம் ஆண்டு பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள். கேட்டவர்கள் ஆயுளுக்கும் அதைப் பேசினார்கள்; பதிவு மட்டும் சொற்பம். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த நிதி உதவிக் கச்சேரியில் அவர்கள் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா டேப்பில் பிடித்தது. அது வெளிநாட்டுக்கான அரசு வானொலி. சொந்த நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை. டேப்புகள் கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. திருட்டில்லை, பூஞ்சையில்லை, ராஜ மரியாதை. யாருக்கும் தெரியவும் இல்லை. 2005 ஜனவரியில், பழைய டேப்புகளை வரிசையாகக் கணினிக்கு மாற்றும் வழக்கமான வேலையில் இருந்த லாரி ஆப்பிள்பாம், ஒரு டப்பாவின் பின்பக்கம் ‘டி. மாங்க்’ என்றும் சில பாட்டுப் பெயர்களும் கையால் எழுதியிருப்பதைப் பார்த்தார். ஓட்டிக் கேட்டால், கோல்ட்ரேன்! அந்த ஆண்டே ப்ளூ நோட் கம்பெனி அதை வெளியிட்டது. 47 ஆண்டு மறதிக்குப் பிறகும் நேற்றுப் பதிந்ததுபோல ஒலிக்கிறது. அறையின் குளிர்ச்சிக்கு நன்றி சொல்லலாம், அட்டவணைக்குச் சொல்ல முடியாது.

மூன்றாவது வகையும் உண்டு. போரிஸ் ரோஸ் என்ற நியூயார்க்காரர் ராயல் ரூஸ்ட், பேர்ட்லேண்ட் கிளப்புகளிலிருந்து வந்த ஒலிபரப்புகளை ரேடியோவிலிருந்தே பதிந்து, புதுசு புதுசாகக் கம்பெனிப் பெயர்களைப் புனைந்து தட்டாக விற்றார். உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்கு அந்த இரவுகள் கிடைத்தது அவர் புண்ணியத்தில். சட்டத்தின் கண்ணில் சேவரியைவிட இவர் மோசம். கேட்பவனின் காதுக்கோ இவர்தான் தாராளம்.

சேவரியின் தட்டுகளை நேர்மையாக வெளியிட நினைத்த அருங்காட்சியகத்துக்குத்தான் பாடு. அமெரிக்காவில் 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2018 வரை கூட்டாட்சிக் காப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. மாநிலத்துக்கு ஒரு சட்டம். குழுவில் வாசித்த ஒவ்வொருவரின் வாரிசையும் தேடிப் பேச வேண்டும். கண்டெடுத்து ஆறு ஆண்டு கழித்து, 2016இல்தான் முதல் தொகுதி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. 2018இல் மொசைக் நிறுவனம் ஆறு சிடிகள் கொண்ட பெட்டியாகப் போட்டது. ஹாக்கின்ஸின் அந்த ஆறு நிமிடம் அதில் இருக்கிறது. தட்டுகளில் இருந்ததோ நூறு மணி நேரத்துக்கும் மேல். ஆறு சிடியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கொள்ளாது.