அப்பத்தா கீரையும் பதினாலு நாள் மாத்திரையும்

போன செமஸ்டரில் பாடங்களைவிட என் வயிற்றைப் பற்றித்தான் அதிகம் படித்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குழி எரியும். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைத் திட்டிவிட்டு ஜெலுசில் குடித்துப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் மலம் கறுப்பாகப் போகவும் பயந்து டாக்டரிடம் ஓடினேன். எண்டோஸ்கோப்பியில் குடல்புண் என்று தெரிந்தது. காரணம் சாம்பார் இல்லையாம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற பாக்டீரியா!

அமிலம் கொப்பளிக்கிற இரைப்பையில் அது எப்படி உயிரோடு இருக்கிறது? யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. பிறகு உட்சுவரின் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. புண்ணுக்கு இதுதான் காரணம் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. அதனால் ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது பதினாலு நாள் மாத்திரை. வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி கசப்பு. லீவில் ஊருக்குப் போனேன். "இத்தன மாத்திரையா? வயிறு வெந்து போகும்யா" என்று அப்பத்தா தினமும் மணத்தக்காளிக் கீரை ஆக்கிப் போட்டது. ஆறாம் நாள் வலி சுத்தமாக இல்லை. கீரைதான் கேட்டிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ரெண்டே மாசத்தில் எரிச்சல் திரும்ப வந்தது. மூச்சுப் பரிசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. "பாதியில விட்டா, மிச்சம் இருக்கிறது மருந்துக்கு மசியாததா மாறிடலாம் தம்பி" என்று டாக்டர் வேறு மாத்திரைகள் எழுதினார்.

அப்போதுதான் தாவரங்கள் இந்தக் கிருமியை ஏதாவது செய்யுமா என்று தேட ஆரம்பித்தேன். செய்கிறது! பிராக்கோலி முளையில் குளுக்கோரஃபானின் என்று ஒரு பொருள். மெல்லும்போது அதிலிருக்கும் நொதி அதை சல்ஃபோரஃபேன் ஆக்குகிறது. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரத்துக்கு உறவுக்காரன். மருந்துக்கு மசியாத ஹெச். பைலோரியையும் இது சோதனைக்குழாயில் கொல்கிறது என்று 2002-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ஜெட் ஃபாஹேயின் குழு காட்டியது. அதோடு, நம் செல்களில் உள்ள என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தட்டி எழுப்பி, உட்சுவரின் சொந்தப் பாதுகாப்பையும் கூட்டுகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு முளை கொடுத்துப் பலன் இல்லை.

மனிதர்களுக்கு? 2009-ல் ஜப்பானில் கிருமி உள்ள 48 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினம் 70 கிராம் பிராக்கோலி முளை, எட்டு வாரம். சாப்பிட்டவர்களுக்குக் கிருமியின் அளவும் அழற்சியும் குறைந்தன. நிறுத்தி ரெண்டு மாசத்தில் பழையபடி ஏறிவிட்டன.

இதைப் படித்ததும் என் கதையையே படித்த மாதிரி இருந்தது. குறைவது வேறு, ஒழிவது வேறு. வலி போனதை நான் நோய் போனதாக எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் அந்த ஆறு நாளில் வலியைக் குறைத்தது மாத்திரையாகத்தான் இருக்கும். பாராட்டு மட்டும் கீரைக்குப் போய்விட்டது.

ரெண்டாவது முறை பதினாலு நாளும் முழுசாக முடித்தேன். இப்போது கிருமி இல்லை. "என்னாலதானய்யா" என்று அப்பத்தா போனில் அழுதது. "இல்ல அப்பத்தா, படிச்ச நாந்தான் நிறுத்துனேன்" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

கீரையை விடவில்லை. ஊருக்குப் போனால் இன்னமும் ரெண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்கிறேன். உங்களில் யாருக்காவது ராத்திரியில் வயிறு எரிந்தால் மெஸ்ஸைத் திட்டுவதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் கடைசி நாள் வரை போடுங்கள்.